பொட்டு வைத்த கையேடு

ஈப்போவிலிருந்து சேலத்துக்கு நான் கல்யாணம் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். கல்யாணம் உண்மைதான். அஸ்தம்பட்டியில் சித்தப்பா பேத்திக்கு முகூர்த்தம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன், பந்தியில் இரண்டு முறை ரசம் வாங்கினேன், சாயங்காலம் தெருமுனையில் நின்று தட்டுவடை செட்டும் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலையும் சட்னியையும் வைத்து அமுக்கித் தருகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஈப்போவில் ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கலாம். ஆனால் நான் விமானம் ஏறியதற்கு உண்மையான காரணம் ஒரு கோழிப்பண்ணையின் புகைப்படம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பண்ணைக் கொட்டகையில் விளக்கு எப்போது எரிய வேண்டும், விசிறி எப்போது சுற்ற வேண்டும், தண்ணீர் எப்போது தூவ வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஓடுவது ஒரு கட்டற்ற மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். போலந்தில் மாரெக் என்பவர் தன் தக்காளிக் கூடாரத்துக்காக எழுத ஆரம்பித்தது, எப்படியோ கைமாறி நாமக்கல் கோழிகளிடம் வந்து சேர்ந்தது. அவர் வைத்த போலந்துப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. விடியுமுன் விளக்கைப் போட்டுக் கோழிகளை எழுப்புவதால் நாமக்கல்காரர்கள் அதற்குச் 'சேவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பகலில் ஒரு தொழிற்சாலைக்குக் கையேடு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். மிச்ச நேரத்தில் சேவலின் தமிழ்க் கையேட்டை இணையத்தில் கவனித்துக்கொள்கிறேன். மென்பொருளில் ஒரு பொத்தான் இடம் மாறினால் அன்றைக்கே கையேட்டிலும் மாறியிருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் மகேஸ்வரி, விளக்கு ஒன்று மினுக்குகிறது என்று ஒரு படம் அனுப்பியிருந்தார். விளக்கை நான் பார்க்கவே இல்லை. பின்னால் தூணில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் இருந்தது என் கையேடு! ஊர்த் தலைவர் பிறந்தநாள் வாழ்த்துபோல மஞ்சளும் பச்சையுமாக அச்சடித்திருந்தார்கள். நடுவில் பெரிய சூரியன் படம், அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாக 0.

ஆபத்து அந்தச் சுழியத்தில்தான் இருந்தது. கொட்டகைக் கூரைக்குக் கீழே ஃபாகர் என்று மெல்லிய குழாய்கள் ஓடும். வெயில் நேரத்தில் அவை பனிபோலத் தண்ணீர் தூவும். பழைய பதிப்பில் அதற்கு நாம் கொடுக்கும் எண் இடைவெளியைக் குறிக்கும். பத்து என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. சுழியம் என்றால் இடைவெளியே இல்லை, நிற்காமல் தூவும். பொங்கலை ஒட்டி வந்த புதிய பதிப்பில் மாரெக் இதைத் திருப்பிப் போட்டுவிட்டார். மற்ற எல்லா இடத்திலும் சுழியம் என்றால் 'நிறுத்து', இங்கே மட்டும் ஏன் வேறு என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயம்தான். நானும் அன்றே கையேட்டைத் திருத்தி, சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கையும் எழுதினேன். ஆனால் தூணில் தொங்குவது பழைய கையேடு. உச்சி வெயிலில் அதைப் பார்த்துப் புதிய பதிப்பில் சுழியம் வைத்தால் தண்ணீர் நின்றுவிடும். கூண்டுக் கோழிகள் அரை நாள் தாங்காது.

உடனே மகேஸ்வரியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அப்டேட்டு அன்னிக்கே பண்ணீட்டனுங்கக்கா" என்றார் பெருமையாக.

"அப்படியென்றால் அந்த ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடுங்கள்" என்றேன்.

"அதக் கழட்ட முடியாதுங்களே" என்றார். "கண்ணாலத்துக்கு வாரேன்னு சொன்னீங்கள்ல, அப்படியே இங்கயும் வாங்க. நேர்ல பார்த்தாத் தெரியுமுங்க."

ஒரு ஃப்ளெக்ஸைக் கழற்றுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலை நாமக்கல் பேருந்தில் ஏறிவிட்டேன்.

ராசிபுரம் பிரிவைத் தாண்டும்போது டயர் வெடித்தது. எங்கள் ஊரில் இப்படி ஆனால் எல்லோரும் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு மாற்று வண்டிக்குக் காத்திருப்பார்கள். இங்கே வண்டி நிற்பதற்குள் நான்கு பேர் இறங்கி, ஓட்டுநருக்கு ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நால்வருமே லாரித் தொழில்காரர்கள். "ஜாக்கிய உள்ள தள்ளிப் போடுங்" என்றார் ஒருவர். "போடறனுங்க, நீங்க நிழல்ல நில்லுங்" என்றார் ஓட்டுநர் பொறுமையாக. அடுத்து வந்த பேருந்துக்குள் எங்களைத் திணித்தார்கள். என் காலடியில் யாரோ ஒருவருடைய மரவள்ளிக்கிழங்கு மூட்டை நாமக்கல் வரைக்கும் பயணம் செய்தது.

நாமக்கல்லில் நான் தேடிப் போனது ஃப்ளெக்ஸ் அடித்த கடையை. கடைக்காரர் குமரேசன் கணினிக்கு முன்னால் காதணி விழாக் குழந்தை ஒன்றுக்குக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி காய்ந்துகொண்டிருந்தது. நான் இன்னார் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த சேவல் புக்கு நீங்க எழுதுனதுங்களா? நல்லா எழுதியிருக்கீங்க. கொஞ்சம் நீளமுங்க."

கணினியில் எடுத்துக் காட்டினார். ஃபாகரைப் பற்றி நான் கண்ணும் கருத்துமாக எழுதிய ஒரு பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டு, ஒரு சூரியனையும் ஒரு சுழியத்தையும் வைத்திருந்தார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

"ஏங்க இப்படிச் செய்தீர்கள்?"

"கொட்டாயில வேலை பாக்கறவிங்க பீகார், ஒடிசா ஆளுங்க. தமிழ் படிக்க மாட்டாங்க. சூரியனு எல்லாத்துக்கும் தெரியுமில்லீங்களா" என்றார்.

கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. இத்தனை வருடமாக நான் யாருக்காக எழுதுகிறேன் என்று ஒருமுறைகூட யோசிக்காத விஷயத்தை, இந்த மனிதர் கிரீடம் வைக்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் யோசித்திருக்கிறார். மூலையில் சின்ன எழுத்தில் எந்தப் பதிப்பு என்றும் எந்த ஆயுத பூஜைக்கு அடித்தது என்றும் போட்டிருந்தார். எங்கள் இணையத்தளத்தில் பாதிப் பக்கங்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

"எத்தனை பண்ணையில் இது தொங்குகிறது?"

"எண்ணிப் பார்த்ததில்லீங்க. கேக்கறவிங்களுக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தனுங்க. ராசிபுரம், பரமத்தி, அந்தப்பக்கம் தம்மம்பட்டி வரைக்கும் போயிருக்குது."

"அப்படியென்றால் புதிதாக அடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? நானே ஏற்பாடு செய்கிறேன்."

"அடிக்கறது பெரிசில்லீங்கக்கா" என்று தலையைச் சொறிந்தார். "பொட்டு வெச்சுட்டாங்களே."

மறுநாள் காலை பண்ணைக்குப் போனபோதுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு மருந்துக் குளியல். பண்ணை வாசலில் வண்டிகளை நிறுத்தி, நோய்க்கிருமி உள்ளே போகாதபடி நான்கு பக்கமும் மருந்துத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். நான் வந்த ஆட்டோவில் ஜன்னல் ஏது? ஓட்டுநர் முன்னாடியே இறங்கி ஓடிவிட்டார். நல்லவேளை, கட்டியிருந்தது பட்டுப்புடவை இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பிறகு ஊதா நிறத் தண்ணீரில் கால் நனைத்து, குளியலறையில் தலைக்கு ஊற்றி, மகேஸ்வரி கொடுத்த நைட்டியை மாட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, சர்வதேசக் கையேட்டு ஆசிரியை உள்ளே நுழைந்தேன்.

"வாங்கக்கா, வாங்க" என்று சிரித்தார் மகேஸ்வரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். நடையிலேயே வேகம். அவர் கணவர் போர்வெல் வண்டியோடு ராஜஸ்தானில் இருக்கிறார். ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. பண்ணை முழுக்க இவர் பொறுப்பு. கூட இருப்பது பீகாரிலிருந்து வந்த சுனிலும் அவர் மனைவி கீதாவும்.

கூண்டு வரிசைகளைத் தாண்டித் தூணருகே போனோம். அங்கே என் கையேடு தொங்கியது. நான்கு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சூரியனின் நெற்றியில் மட்டும் பெரிய பொட்டு. மேலே காய்ந்த மாலை ஒன்று. எழுதிய கைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்! கண் கலங்கிவிட்டது. தலையில் ஊற்றிய தண்ணீர் என்று சமாளித்தேன்.

"ஆயுத பூஜைக்கு மோட்டாரு, தராசு, பெட்டி எல்லாத்துக்கும் வெக்கறமில்லீங்க, இதுக்கும் வெச்சமுங்க" என்றார். "சாமி கும்புட்டத அடுத்த பூஜை வரைக்கும் கழட்ட மாட்டாங்க. கிழிக்கக் கூடாது, மேல ஒட்டுப் போடவும் கூடாது."

பூஜைக்கு முதல் நாள் என்ன செய்வார்கள் என்பதையும் சொன்னார். கொட்டகையைக் கழுவி முடித்ததும் ஒருவர் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். இன்னொருவர் பெட்டியருகே நின்று அதன்படியே அழுத்திப் பார்ப்பார். சொன்னது ஒன்று, பெட்டி செய்வது வேறு என்றால் அந்த வரியை மார்க்கரால் அடித்துவிடுவார்கள். அதைப் படம் எடுத்துக் குமரேசனுக்கு அனுப்பினால் மறுநாள் புது ஃப்ளெக்ஸ் வந்துவிடும். அதற்குப் பொட்டு. பழையதன் பொட்டைத் துடைத்து, எழுத்துத் தெரியாதபடி திருப்பி, மழைச்சாரலுக்குத் தடுப்பாகக் கட்டிவிடுவார்கள்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் திட்டத்தில், கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கையில் பெட்டியை வைத்துக்கொண்டு சரிபார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும் பார்த்ததில்லை. இவர்கள் வருடம் தவறாமல் பார்க்கிறார்கள், அதுவும் பொரியும் பொட்டுக்கடலையும் படைத்து. மார்க்கெட்டில் விற்கிற எந்த மென்பொருளுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. இவர்கள் பக்கம் தப்பே இல்லை; எண்ணின் பொருள் மாறும் பதிப்பைப் பூஜை முடிந்து பொங்கலுக்கு வெளியிட்டது நாங்கள்.

"சுழியத்துக்குப் பதில் ஒன்று வைக்கச் சுனிலிடம் சொல்லிவிட்டால் போதுமே, நிமிடத்துக்கு ஒருமுறை தூவுமே" என்றேன்.

"நானிருந்தாச் சொல்லுவனுங்க" என்றவர் குரல் சட்டென்று இறங்கியது. "எம்பட புள்ள ஓசூர்ல இருக்குது. தலைப்பிரசவமுங்க. இந்த வாரமே வந்துரும்மான்னு அழுவுது. தொட்டில் கட்டற வரைக்கும் நான் அங்க இருக்கோணும். சுனிலு ஊருக்குப் போனா அவன் தம்பி வருவான், அவன் போனா இன்னொருத்தன். ஆளு மாறீட்டே இருப்பாங்க. மாறாம நிக்கறது அந்த ஃப்ளெக்ஸுதானுங்க."

கூண்டுகளைப் பார்த்தார். இந்தக் கோழிகளுக்கு இது முதல் கோடை. "புள்ளயப் பாக்கப் போயி கோழிய உட்டா ஊடு நிக்காது. கோழியப் பாத்துட்டு புள்ளய உட்டா நான் மனுசியாங்கக்கா?"

போனை எடுத்துக்கொண்டு நடந்தேன். பம்பு அறைக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்தது. மாரெக்கை வீடியோவில் அழைத்தேன். அவர் ஊரில் அப்போதுதான் காலை காப்பி நேரம். கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. ஃப்ளெக்ஸைக் காட்டினேன்.

"அந்தச் சிவப்புப் புள்ளிகள் என்ன?" என்றார்.

"நீ நிரலைச் சரிபார்த்ததும் பச்சை அடையாளம் போடுவாயே, அதுதான். இவர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்."

"பழைய பதிப்புக்கு அல்லவா? கையேட்டை மாற்றச் சொல்."

"கையேடு மாறப் புரட்டாசி ஆகும். வெயில் இப்போதே வந்துவிட்டது. நீ மென்பொருளை மாற்று. சுழியம் பழையபடி நிற்காமல் தூவட்டும்."

மாரெக் பிடிவாதக்காரர். இரண்டாவது தடவை திருப்பினால் இன்னும் குழப்பம், புதிய கையேட்டைப் படித்து 'நிறுத்து' என்று சுழியம் வைத்தவர்கள் கதி என்ன என்று கேட்டார்.

"நாமக்கல்லில் என் புதிய பக்கத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை, மாரெக்" என்றேன். எழுதுகிறவள் வாயால் அதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன முதல் தடவை அதுதான்.

மகேஸ்வரி என் கையிலிருந்து போனை வாங்கினார். நேரே கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை விரித்து, தொண்டை துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிட இடைவெளியில் வரவேண்டிய தண்ணீருக்கு இன்னும் நேரமிருந்தது. மாரெக் தக்காளிதான் பார்த்திருக்கிறார், மூச்சு வாங்கும் உயிரைப் பார்த்ததில்லை. காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு அனுப்புகிறேன்" என்றார்.

மறுநாள் காத்திருக்கும் நாள். சேந்தமங்கலத்தில் ஒரு கடையில் முட்டைக் கல்தோசையோடு பசியாறினேன். முட்டை ஊரில் முட்டையைக் கஞ்சத்தனமில்லாமல் உடைக்கிறார்கள். கொல்லிமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். எங்கள் ஊர் பிசாங் மாஸ் பழத்தைவிட இதுதான் ருசி என்பதை வீட்டில் சொல்ல மாட்டேன். சும்மா இருக்க முடியாமல், சாலையோரம் தெரிந்த இன்னொரு பண்ணையின் வாசலில் போய் நின்றேன்.

"நேத்து எந்தப் பண்ணைக்காச்சும் போனீங்களா?" என்று கேட்டார் வாசலில் இருந்த பெரியவர்.

"ஆமாம்" என்றேன்.

"அப்ப உள்ள உட முடியாதுங் அம்மிணி. கோவிச்சுக்காதீங்க. மோர் குடிக்கறீங்களா?"

கேட்டுக்கு வெளியே நின்று மோர் குடித்தேன். அங்கிருந்து பார்த்தபோது கொட்டகைத் தூணில் மஞ்சளும் பச்சையுமாக அதே ஃப்ளெக்ஸ், அதே பொட்டு. அவ்வளவு தூரத்திலிருந்தும் சூரியனும் சுழியமும் பளிச்சென்று தெரிந்தன. குமரேசனை மனதுக்குள் மறுபடி பாராட்டினேன். பாராட்டும்போதே பயமாகவும் இருந்தது.

சாயங்காலம் மாரெக்கின் திருத்தம் வந்துவிட்டது. மறுநாள் மறுபடியும் மருந்து, தலைக்குளியல், நைட்டி. பெட்டியில் திருத்தத்தை ஏற்றினோம். மகேஸ்வரி சுனிலைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸைக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. சுனில் சூரியனைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார், பெட்டியில் சுழியத்தை வைத்தார். கூரையடியில் குழாய்கள் 'உஸ்ஸ்' என்று மூச்சுவிட்டன. பனி இறங்கிற்று. கோழிகள் ஒவ்வொன்றாக அலகை மூடின. கீதா தலை முக்காட்டை விலக்கி முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு, இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். "தெனமும் இப்படி இருந்தா ஊருக்கே போக மாட்டேங்கறா" என்றார் மகேஸ்வரி.

பொங்கலுக்கு வந்த பதிப்பை ஏற்றிய எல்லோரும் இதை ஏற்றியாக வேண்டும். அந்தக் கவலையைக் குமரேசன் எடுத்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் வாங்கியவர்கள் எண்கள் எல்லாம் அவர் போனில் இருந்தன. மகேஸ்வரி குரலில் ஒரு செய்தி போயிற்று: "அல்லாரும் இன்னிக்கே அப்டேட்டு பண்ணிப்போட்டு, ஜீரோ வெச்சுத் தண்ணி வருதான்னு கண்ணால பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க." பொழுது சாய்வதற்குள் பதில் குரல்கள் வந்து குவிந்தன. பின்னணியில் எல்லாம் கோழிச் சத்தம்.

நான் இணையக் கையேட்டில் என் சிவப்புக் கட்டத்தை அழித்தேன். பங்களிப்பாளர்களுக்கான பக்கத்தில், பெட்டியில் வைக்கும் எண்ணின் பொருளை மாற்றும் பதிப்புகள் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் மட்டுமே வெளிவரும் என்று ஒரு வரி சேர்த்தேன். மாரெக் ஒப்புக்கொண்டார். அது எந்தத் தேதி என்று கேட்டார். வருடா வருடம் மாறும் என்றேன். "அப்படியென்றால் அதை அப்டேட் செய்வது உன் பொறுப்பு" என்று எழுதினார்.

நான் கிளம்பிய அன்று மகேஸ்வரியும் ஒரு பெரிய பையோடு சேந்தமங்கலத்தில் அதே சேலம் பேருந்தில் ஏறினார். பையில் மகளுக்குப் பூண்டு லேகியம், பழைய வேட்டித் துணிகள், கொஞ்சம் முட்டை. நடத்துநர் வந்ததும், "ராசிபுரம் ஒண்ணு குடுங்க" என்றார். ஓசூர் போகிறவர் ராசிபுரத்துக்கு மட்டும் ஏன் சீட்டு எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை. ராசிபுரத்தில் இறங்கினால் பண்ணைக்குத் திரும்பிப் போகப் பேருந்து உண்டு. எனக்குப் புரிந்தது.

வெயில் ஏறியது. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழைப்பழம் கொடுத்தேன், உரிக்காமல் கையில் வைத்திருந்தார். ராசிபுரம் நெருங்கும்போது போன் அடித்தது. சுனில்தான்.

இவர் இந்தியில் ஒரு சொல் கேட்டார். அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வந்தது. பிறகு சுனில் போனைக் கூரைக் குழாய்ப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. மகேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என் காதில் வைத்தார். உஸ்ஸ் என்று தண்ணீர் தூவும் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

பேருந்து ராசிபுரம் நிலையத்துக்குள் திரும்பியது. மகேஸ்வரி பையைத் தூக்கவில்லை. கையிலிருந்த பழத்தை உரித்தார்.

"அண்ணா" என்று நடத்துநரைக் கூப்பிட்டார். "சேலம் வரைக்கும் இன்னொரு டிக்கெட் போடுங்க. எம்பட புள்ளயப் பாக்கப் போறனுங்க."